தனுஷ்கோடி: மண் தீவில், காகிதம் மதுரையில்

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடிக்குள் கடல் புகுந்தபோது, அந்த ஊருக்கான கலெக்டர் ஆபீஸ் மதுரையில் இருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் உருவானது. 1985இல் மூன்றாகப் பிரியும் காலம்வரை அதன் நிர்வாகம் மதுரையில்தான் நடந்தது. தனுஷ்கோடி இருக்கும் இராமேஸ்வரம் தீவுக்கு ஓடிய ரயில், 1956இல் அமைந்த மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. கத்தோலிக்கப் பங்குகள் 1987இல் சிவகங்கை மறைமாவட்டம் வரும்வரை மதுரை உயர்மறைமாவட்டத்தின் கீழ். புயல் செய்தியை அச்சடித்த பத்திரிகைகளில் ஒன்றான தினத்தந்தி 1942இல் பிறந்த ஊரும் மதுரையே.

ஆகவே தீவின் வரலாற்றைக் காக்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் முதல் தப்பு, கேமராவைத் தூக்கிக்கொண்டு நேராகத் தீவின் கிழக்கு நுனியான அரிச்சல்முனைக்குப் போவது. அங்கே கிடைப்பது சுவர். அந்தச் சுவருக்குள் யார் உட்கார்ந்து வேலை பார்த்தார், அவர் குடும்பம் பிறகு எங்கே போனது என்பதைச் சுவர் சொல்லாது. கல் ஓரிடம், காகிதம் ஓரிடம், குரல் ஓரிடம் என்று சிதறிக் கிடக்கும் ஒரு ஊரை எப்படிச் சேர்த்துக் கட்டுவது என்பதே இங்கே பார்க்கும் விஷயம்.

ஊர்

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அன்றைக்கு மெயின் லைன் போனது தனுஷ்கோடிக்கு; இராமேஸ்வரம் பாம்பனிலிருந்து பிரியும் கிளைப்பாதை. இந்த ஒரு விவரம் தெரியாமல் பழைய ரயில்வே காகிதத்தைப் படித்தால் எல்லாம் குழம்பும். ‘போட் மெயில்’ தனுஷ்கோடித் துறைக்கு வந்து நிற்கும். பயணிகள் கப்பல் ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் கடந்து தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போவார்கள். தொடக்கத்தில் ஓடிய கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். துறை இருந்ததால் சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, ரயில்வே குடியிருப்பு, தேவாலயம் எல்லாம் இருந்தன. மீனவக் குடிகள் அதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள்.

புயல் இலங்கையை வவுனியாப் பக்கம் கடந்து வந்தது. அலை 7 மீட்டர் உயரம் எழுந்ததாகப் பதிவுகள். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடலோடு போனது. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 விழுந்தன; நடுவிலிருந்த தூக்குப்பாலம் நின்றது. பாலம் 46 நாளில் சீரானது, தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து 1984வரை ஓடி நின்றது. பிழைத்தவர்களில் பலர் இராமேஸ்வரத்தை ஒட்டி நடராஜபுரம் முதலிய இடங்களில் குடியேறினார்கள். சில குடும்பங்கள் தொழிலுக்காகக் கம்பிப்பாடு, பாலம் பகுதிகளுக்குத் திரும்பின; இன்றும் ஓலைக் குடிசை போட்டுக் கடலுக்குப் போகிறார்கள்.

சுற்றுலா விளம்பரங்கள் ‘பேய் ஊர்’ என்று எழுதும்போது இவர்களுக்கு வரும் எரிச்சல் நியாயமானது. மணலில் கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கத் தெரிந்த சனம் இருக்கும் இடத்தில் பேய்க்கு என்ன வேலை?

யார் கையில் என்ன

பாம்பனில் 2016இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ 90.4 சமுதாய வானொலி, மீனவர்களுக்காக மீனவர்கள் நடத்துவது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு, காற்றின் பெயர், வலையின் பெயர் இவற்றை அதே வட்டாரப் பேச்சில் பேச வைக்க இதைவிடத் தோதான இடம் இல்லை. ஆனால் வானொலி என்பது ஒலிபரப்பு வேலை. அரை மணிக்கு வெட்டிய நிகழ்ச்சி காற்றில் போய்விடும், வெட்டாத மூல ஒலியைத் தனியே எடுத்து வைத்தால்தான் ஆவணம். 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் காப்பகம், தீவில் பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பைப் படமும் எழுத்துமாகப் பதிந்திருக்கிறது. அது இன்றைய வாழ்க்கை. 1964க்கு முந்தைய ஊர் அதில் கொஞ்சமே வரும்.

அச்சுப் பொருளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கடலுக்கு அந்தப் பக்கம் ‘நூலகம்’ நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சை மின்படியாக்கி வருகிறது. பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர், கோயில் விழா நோட்டீஸ் என்று யாரும் மதிக்காத சின்ன அச்சையும் அவர்கள் விடுவதில்லை. நம் தீவில் அந்தப் பழக்கம் வரவில்லை. திருமண அழைப்பிதழ் ஒன்றில் மூன்று தலைமுறைப் பெயரும் ஊரும் தேதியும் இருக்கும். அதை ஆயுதபூஜைக்கு ஒட்டடை அடிக்கும்போது குப்பையில் போடுகிறோம்.

வெளிநாட்டு நிதி என்றால் எல்லோரும் சொல்வது, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்தும் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டம். மூலம் நாட்டை விட்டுப் போகக் கூடாது, படி மட்டும் எடுக்கலாம் என்ற நல்ல விதி அதில் உண்டு. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய பொருளுக்கே அது முன்னுரிமை தருவது. 1964 காகிதத்தை நம்பி விண்ணப்பித்தால் அடிபடும். 1914 முதல் 1947 வரையான துறைமுகக் காலத்தை முன்வைத்துக் கேட்பதே சரி.

மதுரையில் தேடும் முறை

அரசுக் கோப்பைக் கேட்பதற்கு முன் அது உயிரோடிருக்க வாய்ப்புண்டா என்று பார்க்க வேண்டும். வருவாய்த் துறைக் கோப்பு முடியும்போது அதற்கு ஒரு முத்திரை விழும். எல்.டிஸ் ஓராண்டு, கே.டிஸ் மூன்றாண்டு, டி.டிஸ் பத்தாண்டு, ஆர்.டிஸ் நிரந்தரம். 1965இல் டி.டிஸ் ஆக முடிந்த நிவாரணக் கோப்பு 1975லேயே கழிக்க வேண்டியது. எனவே ‘புயல் நிவாரணம் தொடர்பான எல்லாக் கோப்பும்’ என்று மனுப் போட்டால் ‘இல்லை’ என்ற ஒரு வரிப் பதில்தான் வரும். கேட்க வேண்டியவை வேறு: ஆர்.டிஸ் பதிவேட்டின் 1964, 1965, 1966 ஆண்டுப் பக்கங்கள். இராமேஸ்வரம் தீவுக் கிராமங்களின் நில அளவை வரைபடம். மறுகுடியமர்வுக்கு நிலம் ஒதுக்கிய உத்தரவு. நிலம் சம்பந்தப்பட்டது எளிதில் கழிபடாது. 1980இல் கலைக்கப்பட்ட வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளும் அரசாணைகளும் மதுரையில் கிடைக்காவிட்டால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம்.

தகவல் உரிமைச் சட்டம் 8(3) பிரிவைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு பற்றிய தகவலைச் சில விலக்குகள் தவிர மறுக்க முடியாது என்கிறது அது. மனு ஒன்றுக்கு ஒரு பொருள் மட்டும். நாலு பொருளைச் சேர்த்தால் நாலு பிரிவுக்கு மாற்றி அனுப்பி, நாலும் ‘எம் அலுவலகம் சார்ந்ததல்ல’ என்று திரும்பும்.

மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது கோப்புகளும் பிரிந்தன என்பதை மறக்கக் கூடாது. மதுரையில் இல்லாதது இராமநாதபுரத்திலோ, தாலுகா அலுவலகத்திலோ இருக்கலாம். மூன்று இடத்திலும் ஒரே வாசகத்தில் ஒரே வாரத்தில் மனுக் கொடுத்தால், மறுமொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது எங்கே கட்டு நின்றுபோனது என்று தெரியும்.

ரயில்வே பக்கம் விபத்து விசாரணைக் கோப்பைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைவிடப் பலன் தருவது பணிப் பதிவேடு, குடும்ப ஓய்வூதியம், ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுப் பட்டியல். கடைசியாகச் சொன்ன பட்டியல் கிடைத்தால் வீட்டு எண்ணும் ஆள் பெயரும் சேர்ந்து வரும். அது ஒரு தெருவுக்கே உயிர் கொடுக்கும்.

கோப்புக் கட்டைப் பிரிக்கும் வேலை தனி. சிவப்பு நாடாவை இழுத்து அவிழ்க்கக் கூடாது. நாடா பதிந்த விளிம்பில் தாள் ஏற்கெனவே அறுந்திருக்கும். கட்டுக்கு அடியில் ஒரு அட்டையை நுழைத்து முழுக்கத் தூக்கி மேசையில் வைத்து, நாடாவைக் கத்தரியால் வெட்டுவதே நல்லது. குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தால் பிடுங்காமல், ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சொருகி, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி உருவ வேண்டும். ஐந்து தாளுக்கு ஒரு ஊசி என்றால்கூட 200 தாள் கோப்புக்கு நாற்பது ஊசி. அரை நாள் போய்விடும். அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கப் போய்த் தேதி முத்திரை இருந்த மூலையைக் கிழித்துவிட்டால் கோப்பின் வரிசையே போச்சு. பக்கங்களை வந்த வரிசையிலேயே படம் எடுக்க வேண்டும். ‘தவறாக அடுக்கியிருக்கிறார்கள்’ என்று தோன்றினாலும் மாற்றக் கூடாது, குறிப்பு எழுதினால் போதும். 1964 செய்தித்தாள் என்றால் இன்னும் கவனம்: மடிப்பை விரித்த நொடியில் உடையும். கீழே வெள்ளை அட்டை வைத்து, விரித்த நிலையிலேயே படமெடுத்து, மறுபடி மடிக்காமல் தட்டையாக வைக்க வேண்டும்.

வீட்டு வரிசை

தீவில் பேச்செடுக்கும்போது ‘அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு?’ என்று தொடங்கினால், அறுபது வருடமாகத் தொலைக்காட்சிக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை வரும். அது பொய்யல்ல, ஆனால் கேள்விப்பட்டதும் பார்த்ததும் அதில் கலந்துவிட்டன. 1964இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இரவைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம், ஊரைப் பற்றித் தெரிந்தது ஏராளம். எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘ஒங்க வீட்டுக்கு வடக்குப் பக்கம் யாரு வீடு, அய்யா?’

இரண்டு சார்ட் பேப்பரை ஒட்டி, நடுவில் தண்டவாளத்தை ஒரு கோடாக இழுக்க வேண்டும். மேலே பெண்கடல், கீழே ஆண்கடல். தீவுக்காரர்களுக்கு வடக்கும் தெற்கும் இப்படித்தான் பிடிபடும். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா என்று எழுதினால் பெரியவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இன்றும் நிற்கும் ஸ்டேஷன், தேவாலயம், தபால் நிலையம் மூன்றையும் முதலில் குறித்தால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் புளியங்கொட்டை வைக்கச் சொன்னால் போதும், பேனா கொடுக்க வேண்டாம். கொட்டையை நகர்த்தலாம், சண்டை போடலாம், மறுபடி வைக்கலாம். எல்லோரும் ஒப்பிய பிறகு மேலேயிருந்து ஒரு படம், அதன் பின் எண் எழுதுவது.

ஒரே வரைபடத்தை இருவர் சேர்ந்து செய்தால் குரல் ஓங்கியவர் சொல்வதே நிற்கும். பெண்களைத் தனியே உட்கார வைத்தால் ஊற்று எங்கே, விறகு எங்கே, எந்த வீட்டில் பிரசவம் பார்ப்பார்கள் என்ற இன்னொரு ஊர் வெளிவரும். இரண்டையும் பிறகு 1961 குடிக்கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டோடு ஒத்துப் பார்க்கலாம்.

ஒலி

தீவில் ஒலிப்பதிவைக் கெடுப்பது காற்று. வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை குடிசையின் தெற்குப் பக்கமும், தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை வடகிழக்குப் பக்கமும் உட்கார வேண்டும். ஓலைக் குடிசை உள்ளே நல்ல ஒலி அறை மாதிரி, எதிரொலி கிடையாது. தகரக் கொட்டகை, காங்கிரீட் வீடு இரண்டும் மோசம். மைக்குக்கு ரோமத் தொப்பி இல்லாமல் வெளியே பதியவே கூடாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரம் ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். போனில் பதிந்தால் எம்பி3யாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விசைப்படகு கடலுக்குப் போகாத நாள் பார்த்துப் போனால் எஞ்சின் சத்தம் குறைவு, ஆளும் வீட்டில் இருப்பார். ஆனால் அதே நாளில் வருமானம் இல்லாத கவலையும் இருக்கும். இரண்டு மணி நேரம் ஒருவரை உட்கார வைத்தால் அவர் வலை கட்டும் கூலியைக் கணக்கிட்டுக் கொடுப்பதுதான் மரியாதை.

சம்மதத்தைக் காகிதத்தில் கையெழுத்தாக மட்டும் வாங்காமல், பதிவின் தொடக்கத்திலேயே அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். மூன்று நிலை போதும்: எல்லோரும் கேட்கலாம், பத்து வருடம் கழித்துக் கேட்கலாம், குடும்பத்துக்கு மட்டும். இலங்கைக்குப் போய்வந்த கதை வரும்போது பாஸ் இருந்ததா இல்லையா என்ற பேச்சும் வரும். அது வெளியானால் யாருக்கு வம்பு என்று சொன்னவரோடு உட்கார்ந்து கேட்டுப் பார்த்தே நிலையை முடிவு செய்ய வேண்டும்.

கோப்புப் பெயரில் எண் மட்டும் வைப்பது நல்லது: ஆண்டு, மாதம், நாள், அமர்வு, பாகம் என்று 20250114-03-02. ஆள் பெயர், ஊர்ப்பேச்சுச் சொற்கள் எல்லாம் தனி அட்டவணையில். மூன்று படி, ஒன்று தீவில், ஒன்று மதுரையில், ஒன்று வேறு மாவட்டத்தில். தீவிலுள்ள ஹார்ட் டிஸ்கை ஈரம் தின்னும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வைத்து, மழைக்கு முன் ஜெல்லை வறுத்து மாற்ற வேண்டும்.

கல்

இடிபாடுகள் பவளக்கல்லால் கட்டியவை. இலேசான, துளை நிறைந்த கல். உப்புக்காற்று ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது துளைக்குள் இருக்கும் உப்பு கரையும், வெயில் ஏறும்போது மறுபடி படிகமாகும். தினமும் இது நடப்பதால் கல்லின் முகம் மாவாக உதிரும். இதைத் தடுக்கிறேன் என்று சிமெண்ட் பூசுவதுதான் செய்யக்கூடிய ஆகப் பெரிய கெடுதல். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உப்பு பின்னால் சேர்ந்து, சில வருடத்தில் பூச்சு கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

புதுப் பவளக்கல் எடுக்க முடியாது. 2001 முதல் பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. எனவே விழுந்து கிடக்கும் கல்லை மட்டுமே திரும்ப வைக்கலாம். கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. கடல் மணல் உதவாது, ஆற்று மணலே வேண்டும். கலக்கும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். இந்த ஒரு செலவை மிச்சம் பிடித்து உவர்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உப்பை உள்ளே வைத்தே பூசுகிறார்கள். தீவின் காற்றில் சுண்ணாம்புச் சாந்து இறுகுவதற்கு முன்பே காய்ந்து பொடியாகும். ஈரச் சாக்கைப் போர்த்தி நாளுக்கு மூன்று தடவையாவது நனைத்து, இரண்டு வாரமாவது காக்க வேண்டும். கோடையில் பூச்சு வேலையே வேண்டாம்.

நூறு வருடப் பழமை இல்லாத கட்டடத்தைத் தொன்மைச் சின்னமாக மத்தியச் சட்டம் ஏற்காது. 1914இல் எழுந்தவை 2014இல்தான் அந்த வயதைத் தொட்டன. 2017இல் அரிச்சல்முனைவரை சாலை வந்துவிட்டது. கூட்டம் சட்டத்தைவிட வேகமாக வந்தது. சுவரில் பெயர் கீறுவது, மேலேறிப் படம் எடுப்பது இரண்டும் ஒரு பருவத்தில் செய்யும் சேதம் அலை பத்து வருடத்தில் செய்வதைப் போலத் தெரிகிறது. வேலி போடலாம். ஆனால் ‘ஆக்கிரமிப்பு’ என்று சொல்லிச் சங்குக் கடைகளையும் குடிசைகளையும் அகற்றிவிட்டுச் சுவரை மட்டும் காப்பாற்றும் திட்டம் எதுவானாலும் அது யாருடைய ஊர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

எண்ணிக்கை

மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். ரயிலில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் என்பது ஒரு கணக்கு. டிக்கெட் இல்லாதவர்களையும் சேர்த்து 200 என்பது இன்னொரு கணக்கு. காப்பகத்தின் வேலை இதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதல்ல. பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், எந்த வீட்டு எண், யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று ஆறு கட்டம் போட்டு ஆள் ஆளாக எழுதினால் எண் தானே வரும்.

உடல் கிடைக்காதவர்களுக்கு இறப்புப் பதிவு உடனே நடந்திருக்காது. ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொன்னது. எனவே 1964 பதிவேட்டில் மட்டும் தேடினால் விட்டுப்போகும். 1971க்குப் பிந்தைய வாரிசுச் சான்று, நிலப் பெயர்மாற்றம் இவற்றிலும் பார்க்க வேண்டும்.

திருப்பிக் கொடுத்தல்

வீட்டுச் சுவரில் மாட்டிய பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பிரேமைக் கழற்றும்போது, படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது தெரியும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வதோ, இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்துப் படமெடுப்பதோதான் வழி.

படி எடுத்த பின் பென்டிரைவ் கொடுத்தால் அது பீரோவில் தூங்கும். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கீழே பெயர்களை எழுதிக் கொடுத்தால் அடுத்த முறை போகும்போது பக்கத்து வீட்டார் தங்கள் படத்தோடு காத்திருப்பார்கள். மூலத்தை ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்யக் கிளம்புவார்கள்; அதை மட்டும் தடுக்க வேண்டும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் மையும் சேர்ந்து வரும். பழைய பத்திரமும் ரேஷன் கார்டும் அமிலமில்லாத காகித உறையில், உறை ஒரு எவர்சில்வர் டப்பாவில், டப்பா தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். பிரேமை மறுபடி மாட்டும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல்கடை அகல அட்டைச் சட்டம் வைத்து, கடலைப் பார்க்காத சுவரில் ஆணி அடிக்கச் சொல்ல வேண்டும்.